முயலின் இடது காது

பிப்ரவரி 3

மூன்று மாதமாக இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சாயப் புட்டிகள் இன்று லேபுக்கு வந்து சேர்ந்தன. வந்த லட்சணம், ஒன்று உடைந்து பெட்டியெல்லாம் சிவப்பு. பெட்டியைப் பிரித்த, முயல் கூண்டுகளைக் கவனிக்கும் கூண்டுக்கார அண்ணனின் கையைப் பார்த்துத் தபால்காரர் பதறிப்போய்விட்டார். "ரத்தமில்லைய்யா, சாயம், சாயம்" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் மனிதர் நகர்ந்தார்.

கூடவே சுகாதாரத் துறையின் கடிதம். பச்சை குத்திக்கொண்டவர்களில் சிலருக்குச் சிவப்பு ஏற்றிய இடத்தில் மட்டும் தோல் தடித்து வளர்கிறதாம். காரணம் சாயமா, ஊசிக் குத்தா என்று தெரியவில்லையாம். எண்ணெயில் கரைத்து முயல் காதில் ஊசி போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். லேபின் தலைவி டாக்டரம்மா படித்துவிட்டு, "காது உன் பொறுப்பு, கண்ணு என் பொறுப்பு" என்றார். ஊசி போடுவது, துண்டு எடுப்பது, மெழுகில் வைத்துச் சீவி ஸ்லைடு ஆக்குவது என் வேலை. பார்த்து முடிவு சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே ஏற்பாடுதான்.

சிவப்பு என்றதும் எனக்கு மாஸ்டர் கை ஞாபகம் வந்தது. (என் வீட்டுக்காரரை ஊரே மாஸ்டர் என்கிறது. துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். டைரியில் மட்டும் எதற்குத் தனி மரியாதை?) போன செப்டம்பரில், எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளன்று, வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன முயலைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். முழுக்கச் சிவப்பு. கண் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. ஐம்பத்திரண்டு வயதில்! "நாளெல்லாம் நீ பிடிச்சுக்கிட்டிருக்கறது முயலைத்தானே. என் கையைப் பிடிக்கும்போதும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு" என்றார். இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது அதை விரலால் தடவிப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கேட்டேன், "முயல் எப்படி இருக்கு, காட்டுங்க." அந்த இடத்தில் பிளாஸ்டர். "கத்தரி பட்டுடுச்சும்மா. ஆறட்டும், காட்டறேன்." தையற்காரர் கையில் பிளாஸ்டர் இல்லாத நாள் உண்டா? விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5

பன்னிரண்டு முயல். இருபத்துநான்கு காது. ஒற்றை எண் முயலுக்கு இடது காதில் சாயம், வலதில் வெறும் எண்ணெய். இரட்டை எண்ணுக்கு நேர்மாறு. இடது என்றால் முயலின் இடது. டாக்டரம்மா சுவரிலேயே எழுதி ஒட்டிவிட்டார். முதுகு வலிக்கிறது.

பிப்ரவரி 12

இரண்டாம் ஊசி. இதற்குள் சாயக் காதுகள் ரோஜா நிறத்தில் திரிகின்றன. கூண்டுக்கார அண்ணன், "ஒரு காதுல மட்டும் கம்மல் போட்ட மாதிரி இருக்கு தங்கச்சி" என்கிறார். முயலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. அண்ணன் வைத்துவிட்டார். ஐந்தாம் எண் "கலெக்டர்". தீவனம் கொண்டுபோனால் எழுந்து வராதாம், கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம்.

காதில் பளிச்சென்று தெரிகிற நிறம் ஸ்லைடில் தெரியாது. மெழுகில் ஏற்றுவதற்கு முன் துண்டை ஸ்பிரிட்டில் ஊற வைப்போம். இந்த எண்ணெய்ச் சாயம் அதில் மொத்தமாகக் கரைந்து போய்விடும். நல்லதுதான் என்றார் டாக்டரம்மா. எந்த ஸ்லைடு சாயக் காது, எது எண்ணெய்க் காது என்று தெரியாமல் பார்த்தால்தான் நியாயமாகப் பார்க்க முடியுமாம். ஸ்லைடுக்கு நான் வேறு எண் போடுவேன். எந்த எண் எந்தக் காது என்ற பட்டியல் கடைசி வரை உறைக்குள் இருக்கும்.

மாஸ்டர் கையில் இன்னும் பிளாஸ்டர். புதுசு.

பிப்ரவரி 24

எழுத வேண்டுமா? எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்ற மாஸ்டர், "கொஞ்சம் இந்தப் பொத்தானைப் போட்டுவிடேன்" என்றார். கேலி என்று நினைத்தேன். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுப்பவர். "உங்க கைக்கு என்ன கேடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நாக்கில் என்ன விஷம் எனக்கு.

பிளாஸ்டரைப் பிரித்தேன். முயல் இல்லை. அது இருந்த இடத்தில் சொரசொரவென்று ஒரு பெரிய மரு, என் நகம் அளவுக்கு உயரம். ஓரத்தில் ஒரு காது நுனி மட்டும் சிவப்பாக எட்டிப் பார்த்தது. நடுவே குழி, குழிக்குள் கறுப்பு.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா."

"என்ன ரிப்போர்ட்?"

"ஒம்பதாம் தேதி ஆஸ்பத்திரியில சீவி எடுத்தாங்க. முந்தாநாள் வந்துச்சு. கேன்சர்னு போட்டிருக்கு."

அளவு எழுதும் நோட்டுக்குள் அந்தக் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறார், யாரோ ஒருவருடைய தோள் அளவுக்கும் கை நீளத்துக்கும் நடுவில். மார்ச் 20 ஆபரேஷன். கட்டைவிரலை ஒட்டிய தசையோடு ஆழமாக எடுக்க வேண்டுமாம். விரல் இருக்கும், மடங்காது. கட்டைவிரல் மடங்காமல் கத்தரியை எப்படிப் பிடிப்பது? அவரும் இதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார், தனியாக.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன்.

"உனக்காகக் குத்திக்கிட்டது. அதனாலதான் இதுன்னு தெரிஞ்சா நீ உன்னையே திட்டிக்குவே. என்னைத் திட்டினா தாங்கிக்குவேன். உன்னை நீ திட்டிக்கிட்டா நான் என்ன பண்றது?"

பொத்தானைப் போட்டுவிட்டேன். ஐந்து பொத்தான். கண் தெரியாமல் ஒன்று மாற்றிப் போட்டுவிட்டேன் போல. அவரே இடது கையால் சரிசெய்துகொண்டார்.

ஒரு பிளாஸ்டரை இருபது நாளாக நான் ஏன் பிரிக்கவில்லை?

பிப்ரவரி 25

ஆறு முயல்களின் காதிலிருந்து துண்டு எடுத்தோம். லீவு போட்டிருக்கலாம். தேதி தப்பினால் சோதனை கெடும், போனேன். முயலை உட்கார வைக்கும் பெட்டியின் மூடி கழன்றுவிட்டது. முதல் மூன்றை அண்ணன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கம்பி கட்டிப் பெட்டியை நிமிர்த்தினார். பன்னிரண்டு பழுப்புப் புட்டி, பன்னிரண்டு சீட்டு. கை தானாக வேலை செய்தது. அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை.

பிப்ரவரி 27

இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்ஜன் சின்ன வயது, பொறுமைசாலி. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாஸ்டர் அவரிடமும் "கத்தரி பட்டு ஆறாத புண்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

"வளர்ச்சியைவிட இந்த நடுப்புள்ளிதான் எனக்குப் பயமா இருக்கு. கறுப்பா, குழியா இருக்கு பாருங்க" என்றார் சர்ஜன்.

"அது கண்ணு" என்றேன்.

"என்ன கண்ணு?"

"முயலோட கண்ணு."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண நாள், சிவப்பு, கறுப்பு, எங்கள் சோதனை, எல்லாம். சிவப்பு இருந்த இடம் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது, கறுப்பு இருந்த இடம் வளரவில்லை, அதனால்தான் குழி என்றேன். சர்ஜன் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படித்தார்.

"ஸ்லைடுல எந்தச் சாயமும் தெரியலைன்னு இருக்கே. செல் எல்லாம் கேன்சர் மாதிரியே கீழே இறங்கியிருக்கு. சாயத்தால இப்படி வரும்னு உங்க லேப் எழுத்துல கொடுத்தா நான் நிச்சயமாப் பார்க்கறேன். இல்லேன்னா இருபதாம் தேதியைத் தள்ள முடியாது. தள்ளினா கை மட்டும் இல்ல, ஆளே…" என்று நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. சாயம் எப்படித் தெரியும்? அவர்களும் ஸ்பிரிட்டில்தானே ஊற வைத்திருப்பார்கள்! அங்கேயே இதைச் சொல்லத் தோன்றவில்லையே. நானெல்லாம் என்ன டெக்னீஷியன்?

மார்ச் 2

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, அவர் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

"முதல்ல நம்ம முயல் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். நாம ஆசைப்படறதுக்காக அது ஒண்ணும் சொல்லாது" என்றார்.

மார்ச் 4

ஸ்லைடு தயார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். சிலவற்றில் தோல் செல்கள் விரல் விரலாகக் கீழே இறங்கி, சுருள் சுருளாக முத்துக் கட்டியிருக்கின்றன. மாஸ்டர் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே வார்த்தைகள். மற்றவை சாதாரணத் தோல், தட்டையாக, சமர்த்தாக. வளர்ந்ததெல்லாம் சாயக் காதாக இருந்துவிட்டால்! நாளைக்கு உறை பிரியும்.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். "என்ன முயல்காரி, லாட்டரி அடிச்சுதா?" என்றார். இடது கையால் வெட்டிப் பழகுகிறார், பழைய செய்தித்தாளை. ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 5

ஆறு முயல். மூன்றுக்குச் சாயக் காதில் வளர்ச்சி. மூன்றுக்கு எண்ணெய்க் காதில்.

பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போட்ட மாதிரி.

"அப்ப சாயம் காரணமில்ல. ஊசிக் குத்து, இல்லேன்னா எண்ணெய்" என்றார் டாக்டரம்மா. நான் என்னென்னமோ பேசினேன். ஸ்லைடு மாறியிருக்கும், பட்டியல் தப்பு, இன்னொரு தடவை பாருங்கள் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பா இறந்தபோது பிடித்தார், அதற்கப்புறம் இன்றுதான்.

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நாமளும் சொல்ல ஆரம்பிச்சா, இந்த லேபைப் பூட்டிட்டுப் போயிடலாம். உன் நிலைமை எனக்குப் புரியுது. ஆனா உனக்காக நான் ஸ்லைடை மாத்திப் படிக்க முடியாதும்மா."

நியாயம். அவர் பேசியது அத்தனையும் நியாயம். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 6

மாஸ்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முட்டை பொரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "உப்பு குறைச்சல்" என்றோம்.

மார்ச் 8

ஞாயிறு. அவருடைய பழைய கத்தரியைத் துடைத்து எண்ணெய் போட்டேன். கட்டைவிரல் வளையத்தில் முப்பது வருஷத் தேய்மானம், உள்ளே விரலை விட்டால் எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. "அதை எதுக்கும்மா இப்பத் துடைக்கிற? வித்துடலாமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். "வாயை மூடுங்க" என்றேன். பிறகு இரண்டு பேரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 9

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். ஒழுங்காக எழுதுகிறேனா பார்ப்போம்.

துறைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை டாக்டரம்மா எழுதி வைத்திருந்தார், 'சாயம் காரணம் என்று கூற இயலாது' என்று. தட்டச்சுக்குக் கொண்டுபோகும் வழியில் முயல் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கூண்டுக்கார அண்ணன் பெட்டிக்குப் புது மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாடா, இனிமே மடியில வெச்சுக்கற வேலை இல்ல. போன தடவை உங்க கலெக்டர் என் நெஞ்சுல போட்ட கோடு இன்னும் ஆறல தங்கச்சி" என்று சட்டையை விலக்கிக் காட்டினார். இரண்டு கீறல்.

"நெஞ்சுலயா? பின்னங்கால் எப்படி உங்க நெஞ்சுக்கு வந்துச்சு?"

"முதுகை என் பக்கம் சாய்ச்சு உட்கார வெச்சிருந்தேனே. மூஞ்சி உங்க பக்கம். திமிறித் திரும்பிடுச்சு."

மூஞ்சி என் பக்கம்.

பெட்டியில் வைத்தால் முயலின் முகம் அந்தப் பக்கம் இருக்கும். நான் பின்னால் நிற்பேன். என் இடது கைப் பக்கம் இருப்பதுதான் முயலின் இடது காது. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு அது என் எதிரே உட்கார்ந்திருந்தது. என் இடது கைப் பக்கம் இருந்தது அதன் வலது காது. நான் என்ன எழுதினேன்? கை தானாக வேலை செய்தது என்று இதே டைரியில் எழுதி வைத்திருக்கிறேனே!

"அண்ணே, எந்த மூணு உங்க மடியில உட்கார்ந்துச்சு?"

"அஞ்சு, ரெண்டு, ஒம்பது. மறக்குமா? ரெண்டாம் நம்பர் என் பேன்ட்டை நனைச்சுட்டுல்ல போச்சு!"

எண்ணெய்க் காதில் வளர்ச்சி வந்த மூன்றும் அவைதான். ஐந்து, இரண்டு, ஒன்பது.

மெழுகில் ஏற்றியது போக மிச்சத் துண்டுகள் அந்தப் பழுப்புப் புட்டிகளிலேயே அலமாரியில் இருக்கின்றன. அவை ஸ்பிரிட்டைப் பார்க்காத துண்டுகள், சாயம் அப்படியே இருக்கும். ஓடினேன். '5 வலது' புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மூடியில் விரல் வைத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். நான் தனியாகத் திறந்தால்? புருஷனுக்காகப் புட்டியை மாற்றினாள் என்று நாளைக்கு யார் சொன்னாலும் என்னிடம் பதில் கிடையாது. எனக்கே என்மேல் நம்பிக்கை வராது.

திருப்பி வைத்தேன். டாக்டரம்மாவையும் அண்ணனையும் கூட்டிவந்தேன். முதலில் தப்பைச் சொன்னேன். "இடது வலது மாத்தி எழுதிட்டேன்னு நினைக்கறேன். என் தப்பு. நீங்களே திறங்க" என்றேன். அலமாரியைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

ஒற்றை எண்ணுக்கு இடதில்தான் சிவப்பு இருக்க வேண்டும். டாக்டரம்மா '5 வலது' புட்டியைத் திறந்து, இடுக்கியால் துண்டை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார்.

சிவப்பு.

'5 இடது' வெளுப்பு. இரண்டும் ஒன்பதும் அதேபோல் மாறியிருந்தன. மற்ற மூன்றும் சரி. ஆறுக்கு ஆறும் சாயக் காதில்தான் வளர்ச்சி. ஓர் எண்ணெய்க் காதில்கூட இல்லை.

சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'இடது என்றால் முயலின் இடது.' என் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல இதுதான் என் முதல் தப்பு" என்றேன்.

"முதல்ல மாட்டின தப்புன்னு சொல்லு" என்றார் டாக்டரம்மா. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 10

டாக்டரம்மா புதுக் கடிதம் எழுதினார். என் தப்பு அதில் ஒரு பத்தி, பேர் ஊரோடு. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வலித்தது. ஆனால் அந்தப் பத்தி இல்லாவிட்டால் மற்ற பத்தியை யார் நம்புவார்கள்?

அப்புறம் சர்ஜனுக்குப் போன் செய்தார். "இன்னொரு துண்டு எடுங்க, கொஞ்சம் ஆழமா. ஸ்பிரிட்டுல போடாதீங்க. ஐஸ்ல வெச்சு எங்களுக்கு அனுப்புங்க. உறைய வெச்சு சீவினா சாயம் இருந்தாத் தெரிஞ்சுடும்." அவர் ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளை.

மாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "அப்ப உனக்கு இடது வலதே தெரியாதா? இத்தனை வருஷமா எந்தப் பக்கத்துல படுத்திருக்கேன்னு நினைச்சே?"

சிரித்தேன். இரண்டு வாரத்துக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 13

காலை பதினொன்றுக்கு ஐஸ் பெட்டி வந்தது. உள்ளே சின்னப் புட்டி. சீட்டில் ஆண், 52, வலது கை. அவ்வளவுதான்.

"நீ சீவ வேண்டாம். பக்கத்து லேப்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

"நானே செய்யறேன்."

"கை நடுங்கினா துண்டு போயிடும்."

"நடுங்காது."

நடுங்கவில்லை. அரிசி அளவுதான் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக நான் பிடித்துக்கொண்டு ரோடு கடந்த கை. மெஷினில் ஏற்றி உறைய வைத்து, முதல் சீவலை எடுத்தேன். எத்தனை ஆயிரம் துண்டு சீவியிருப்பேன்! இன்றைக்குத்தான் முதல் தடவையாக, வலிக்கப் போகிறது என்கிற மாதிரி மெதுவாகச் சீவினேன். கண்ணாடியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்து பார்" என்றார்.

மேலே செல்கள் விரல் விரலாக இறங்கியிருந்தன, முத்து முத்தாகச் சுருண்டிருந்தன. ஒவ்வொரு விரலின் நுனிக்குக் கீழேயும் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள். எல்லாம் சிவப்பு. செல்லெல்லாம் அந்தச் சிவப்பைத் தேடித்தான் இறங்கியிருந்தன. துளி இல்லாத இடத்தில் ஒன்றுகூட இறங்கவில்லை.

"கலெக்டர் காதேதான்" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது!

அழுதுவிட்டேன். லேபில் அழக் கூடாது, ஸ்லைடு நனையும் என்று புதுசாக வருகிறவர்களிடம் நான்தான் சொல்வேன்.

மார்ச் 16

சர்ஜன் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார். அதற்குப் பதிலாகச் சின்னக் கீறல் போட்டு, உள்ளே இருந்த சிவப்பு எண்ணெயை முடிந்தவரை வழித்து எடுத்தார். இருபது நிமிஷம். "ஆறு வாரம் பார்ப்போம். அமுங்கினா சாயம்தான். வளர்ந்தா மறுபடி என்கிட்டதான் வரணும்" என்றார். சந்தோஷமும் பயமும் கலந்து கொடுத்து அனுப்பினார்.

நல்லவேளை, மிச்சம் ஆறு முயல்களுக்கும் ஊசியை நிறுத்தியாயிற்று. அவற்றின் காதும் மாஸ்டர் கையும் இனி ஒரே கணக்கு. தினமும் காலையில் கையை அளக்கிறேன், பத்து மணிக்குக் காதுகளை அளக்கிறேன்.

மார்ச் 31

காதுகள் அமுங்குகின்றன. மூன்றாம் எண்ணுக்குப் பாதிதான் இருக்கிறது. கை அப்படியே இருக்கிறது. முயலுக்குக் காது மெல்லிசு, கைக்கு நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 7

கை — ஒரு மில்லிமீட்டர் குறைவு. மூன்று தடவை அளந்தேன். "அளந்து அளந்தே தேய்ச்சுடுவே போல" என்கிறார்.

ஏப்ரல் 22

சோதனை முடிந்தது. கடைசித் துண்டுகள் எடுத்தாயிற்று. முடிந்தால் முயல்களைத் தூங்க வைத்துவிட வேண்டும், விதி அது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்காமல் செய்துவிட்டு வருவேன். இன்றைக்கு ஒவ்வொன்றாக மடியில் வைத்து, காதைத் தடவி, தேங்க்ஸ் சொன்னேன். ஆமாம், முயலிடம். கூண்டுக்கார அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கலெக்டர் கடைசி வரை எழுந்து வரவில்லை, நான்தான் போய்த் தூக்கிக்கொண்டேன்.

மாஸ்டர் கேட்டார், "முயலெல்லாம் என்ன ஆச்சு?" நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. தட்டை அவரே கழுவி வைத்தார்.

ஏப்ரல் 27

சர்ஜன் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "போங்க, வேலையைப் பாருங்க" என்றார். மாஸ்டருக்குப் புரியவில்லை. "எந்த வேலை?" என்று கேட்டார். "உங்க வேலைதாங்க. வெட்டற வேலை."

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். இரண்டு பேருக்கும் எந்தப் பக்கம் பஸ் என்று ஞாபகம் வரவில்லை.

மே 11

தோல் தட்டையாகிவிட்டது. வெளுப்பாக ஒரு திட்டு, சிவப்பு துளியும் இல்லை. கறுப்புப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. "முயல் ஓடிப்போச்சு. கண்ணை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு, உன்னைப் பார்த்துக்கிட்டிருக்க" என்கிறார்.

அடுத்த வாரம் புது முயல்கள் வருகின்றன, இந்த முறை நீலச் சாயம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜை முழுக்கக் கெட்டித் துணி. மாஸ்டர் தன் பழைய கத்தரியை வலது கையில் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் வளையத்துக்குள் மடங்கி மடங்கி வந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க இது?"

"முயல் சட்டை. உள்ள உட்கார வெச்சுக் கட்டிட்டா கழுத்தும் காதும் மட்டும் வெளிய இருக்கும். யார் மடியிலேயும் திமிறாது. ரெண்டு தோள்லயும் 'இ', 'வ'ன்னு எழுத்துத் தைச்சுடறேன், நீ எந்தப் பக்கம் நின்னாலும் தெரியும். மொத்தம் பன்னிரண்டு."

ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டார். முதல் சட்டையைத் தூக்கிப் பிடித்து, தைக்கப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இடதுன்னா… உன் இடதா, முயலோட இடதா?"

"முயலோடது" என்றேன்.